பட்டாவில் இல்லாத பெயர்கள்

ஈப்போவின் பழைய நகரில் ஒரு கடைவீட்டைக் காப்பிக் கடையாக மாற்ற ஆள் இறங்கினால், முதலில் உரிபடுவது சுவரின் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளிருக்கும் செங்கல் தெரிய வேண்டும், அதன் மேல் மஞ்சள் விளக்கு விழ வேண்டும், வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனார், கல்லை யாரும் பார்ப்பார்கள் என்று எண்ணிக் கட்டவில்லை. குறைந்த சூட்டில் வெந்த மென்மையான கல் அது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் மழைச்சாரலையும் வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விடுவது சுண்ணாம்பின் வேலை. பூச்சை உரித்துவிட்டால் கல் நேரடியாக நனையும். அதற்குப் பதில் சிமெண்டை அப்பினால் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிக் கல்லைப் பொடியாக உதிர்த்துவிடும். பழைய தோற்றத்துக்காகச் செய்யும் காரியமே பழைய சுவரின் ஆயுளைக் குறைக்கிறது.

ஒரு கட்டடத்தில் எது காக்கத் தக்கது, எது உரித்துப் போடத் தக்கது என்று தீர்மானிப்பவர் யார்? சுவரைப் பற்றிய இந்தக் கேள்வியை அந்தச் சுவருக்குள் வாழ்ந்து வியாபாரம் செய்தவர்களை வைத்தும், ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களை வைத்தும் கேட்டாக வேண்டும். நகர்மையத்தின் புதுப்பிப்பும் தோட்டங்களின் மறைவும் இதுவரை தனித்தனிக் கதைகளாகவே எழுதப்பட்டு வருகின்றன. பேராக் தமிழர்களுக்கு இரண்டும் ஒரே கதை. இரண்டிலும் நிலப்பட்டாவில் யார் பெயர் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

அழிந்து எழுவது ஈப்போவுக்குப் புதிதல்ல. கிந்தா ஆற்றின் மேற்குக் கரையில் ஈயத்துக்காகக் கூடிய ஊரில் பாதிக்கு மேல் 1892ஆம் ஆண்டுத் தீயில் போயிற்று. நேர்த்தெருக்களும் செங்கல் கடைவீடுகளும் அதன் பிறகு வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஆற்றின் கிழக்குக் கரையில், யாவ் தெட் ஷின் என்ற சீன முதலாளி வரிசை வரிசையாகக் கடைவீடுகள் கட்டி ‘புதிய நகர்’ ஒன்றை எழுப்பினார். 1909இல் பர்ச் மணிக்கூண்டு வந்தது. 1916இல் நகர மண்டபமும் 1917இல் ரயில் நிலையமும் முடிந்தன. இரண்டையும் வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். 1937இல் பேராக் மாநிலத் தலைநகர் தைப்பிங்கிலிருந்து இங்கு மாறியது. பிறகு 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை நிலைகுலைந்து விலை சரிந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1988இல் மாநகர் தகுதி பெற்றபோது, இந்த ஊர் தன் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட, பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் நினைவாகக் கட்டப்பட்டது அது. விடுதலைக்குப் பின் யாரும் அதை இடிக்கவில்லை. அதன் அருகிலுள்ள தெருக்களுக்கு மகாராஜாலேலா, டத்தோ சாகோர் என்று, பர்ச் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களை வைத்தார்கள். கட்டியவர் கதையும் எதிர்த்தவர் கதையும் ஒரே முனையில் நிற்கின்றன. ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டே அதன் பொருளைத் திருத்தி எழுத முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பழைய நகர் இத்தனை காலம் இடியாமல் தப்பியதற்கு மரபுப் பற்று காரணம் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். உண்மைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஈயம் வீழ்ந்த பிறகு இடித்துக் கட்ட யாரிடமும் அவசரமான பணம் இல்லை. மற்றொன்று வாடகைக் கட்டுப்பாடு. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் விருப்பம்போல் உயர்த்த முடியாதிருந்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாதிருந்தது. மலேசியத் தீபகற்பம் முழுவதுக்குமான இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் ஜார்ஜ் டவுனைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஈப்போவின் பழைய கடைவீடுகளையும் அதே சட்டம்தான் காத்தது.

காத்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வாடகை சொற்பமாக இருந்ததால் உரிமையாளர் கூரை ஓட்டைக்கூட மாற்ற மாட்டார். ஒழுகும் இடத்தில் குடியிருப்பவர் தகரத்தைச் செருகுவார். மாடியில் பலகைத் தடுப்பு வைத்து நான்கு குடும்பங்கள் இருக்கும். நடுவிலிருக்கும் திறந்த முற்றத்தில் துணி காயும். கீழே, அஞ்சடி நடைபாதையில், தையற்காரரோ செருப்புத் தைப்பவரோ பெட்டிக் கடைக்காரரோ உட்கார்ந்திருப்பார். கட்டடம் மெல்ல நலிந்தது, ஆனால் தொழில் அங்கேயே இருந்தது. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1999 இறுதி வரை இடைக்காலம் தரப்பட்டது. 2000 பிறந்தபோது உரிமையாளரும் குடியிருப்பவரும் சந்தை விலையில் நேருக்கு நேர் நின்றார்கள். கட்டடத்தைச் செப்பனிட அந்தச் சட்டம் ஒரு வழியும் வைக்கவில்லை என்பது அதன் பெரிய குறை. அதை நீக்கியவர்கள், உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு வழியும் வைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

பல வீடுகள் பத்தாண்டுக் காலம் வெறிச்சோடிக் கிடந்தன. திருப்பம் ரயிலில் வந்தது. 2010 ஆகஸ்டில் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும், தலைநகரில் இருப்பவர் காலையில் கிளம்பி மதியம் ஈப்போவில் சாப்பிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், நிலத்தோற்ற வடிவமைப்பாளர் இங் செக் சான், ஒருகாலத்தில் நாடகக் கலைஞர்கள் தங்கிய கோங் ஹெங் விடுதியை எடுத்து, அதன் கறை படிந்த சுவர்களை அப்படியே விட்டுப் புதிய தங்குமிடமாக்கினார். 2014இல் எர்னஸ்ட் சக்காரெவிச் பழைய நகரின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். 2015இல், லியோங் ஃபீ 1893இல் தொடங்கிய ஹக்கா சுரங்க முதலாளிகளின் மனமகிழ் மன்றமான ஹான் சின் பெட் சூ அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2016இல் லோன்லி பிளானட் தன் ஆசியப் பட்டியலில் ஈப்போவைச் சேர்த்தது.

இவற்றில் கோங் ஹெங்கையும் ஹான் சின் பெட் சூவையும் நான் மதிக்கிறேன். ஒன்று கட்டடத்தின் வயதை மறைக்காமல் விட்டது. மற்றொன்று அங்கே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதை, சூதும் அபினும் உட்பட, ஒளிக்காமல் சொல்கிறது. இவற்றைப் பார்த்துக் கிளம்பியவற்றில் பெரும்பாலானவை வெறும் முகப்பு வேலைதான். வைப்பாட்டிச் சந்து என்று ஊர் அழைக்கும் லோரோங் பங்லிமா, குடும்பங்கள் வாழ்ந்த குறுகிய சந்து. இன்று அங்கே வாசலுக்கு வாசல் பொம்மையும் பனிக்கட்டிப் பண்டமும் நினைவுப் பொருளும் விற்கிறார்கள். சனி ஞாயிறுகளில் நடக்க இடமிருக்காது. மற்ற நாள்களில் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். புதிய நகர்ப் பக்கம் வேறு வகை மாற்றம்: உயரமான ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. ரயில் நிலையத்தைச் சுற்றி ‘ஈப்போ சென்ட்ரல்’ என்ற பெரிய திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது.

இந்த நகர்மையத்தில் தமிழர் எங்கே என்று தேடினால், மரபு நடைக்கான வரைபடங்களில் கிடைப்பது கொஞ்சம்தான். திடலோரம் இந்திய முஸ்லிம்களுக்காக ஷேக் ஆதாம் 1908இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. லஹாட் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பூக்கடைகளும் இருக்கின்றன. செட்டியார் தமிழ்ப்பள்ளியும் பேராக் சங்கீத சபாவின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும், ஒருகாலத்தில் இந்த ஊரில் தமிழ்ப் பணமும் தமிழ்ச் சங்கங்களும் எவ்வளவு வலுவாக இருந்தன என்பதைச் சொல்கின்றன.

செட்டியார்கள் விட்டுச்சென்ற பாடம் முக்கியமானது. ரப்பர் மரம் வைக்கவும் சுரங்கம் தோண்டவும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் அடமான நிலங்கள் அவர்கள் கைக்கு வரத் தொடங்கியதும், மலாய் ஒதுக்கீட்டு நிலம் பிறர் கைக்குப் போகாதபடி அதற்கான சட்டம் 1933இல் இறுக்கப்பட்டது. காலனி அரசு மலாய் விவசாயியைக் காக்க நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் அதன்பின் பல லேவாதேவிக் குடும்பங்கள் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பின. பட்டாவில் பெயர் எழுதத் தெரிந்த ஒரே தமிழ்ப் பிரிவு மெல்ல நகர்மையத்தை விட்டு நீங்கியது. மிச்சமிருந்தவர்கள் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் நகராண்மையிலும் வேலை பார்த்த கூலிகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகள், வாடகைக் கடை வைத்திருந்த சிறு வியாபாரிகள். தண்டவாளத்தைப் போட்டவர்களும் சாக்கடையைத் தூர் வாரியவர்களும் மரபு வரைபடத்தில் எந்த எண்ணிலும் குறிக்கப்படவில்லை.

லஹாட் சாலைக் கடைகளை வாழவைத்தது நகரத்துத் தமிழர் மட்டுமல்ல. சம்பள நாளன்று செம்மோரிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் பத்துகாஜாவிலிருந்தும் தோட்டத்து மக்கள் பஸ் ஏறி வருவார்கள். தீபாவளிக்குத் துணி, பெண்ணுக்குக் கம்மல், மாதச் சாமான், முடிந்தால் ஒரு படம். இந்த வருகை ஒழுங்காக, மாதந்தோறும், ஐம்பது அறுபது ஆண்டுகள் நடந்ததால்தான் அந்தத் தெருவுக்கு இன்று சொல்லப்படும் ‘அடையாளம்’ உண்டாயிற்று. நகரின் மதிப்பில் ஒரு பங்கு பால்மரக் காட்டில் வெட்டிச் சேர்த்த காசு. இதற்கான ரசீது எந்த அலுவலகத்திலும் இருக்காது.

தோட்டத்தின் கதையைப் பேராக்கிலிருந்தே தொடங்கலாம். ரெசிடெண்ட் ஹியூ லோவின் காலத்தில், 1877இல், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. ஈப்போ புதிய நகரின் முக்கியச் சாலை நெடுங்காலம் அவர் பெயரில்தான் இருந்தது. இன்று அது ஜாலான் சுல்தான் இஸ்கண்டார். அந்தக் கன்றுகள் தோட்டங்களாகப் பெருகியபோது தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் வந்தது. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வீடு, தோட்டத்துக்குள் பள்ளி, மரத்தடியில் கோயில். வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த அந்த நிலத்தின் பட்டாவில் இருந்தது லண்டனிலோ ஸ்காட்லாந்திலோ பதிவான ஒரு கம்பெனியின் பெயர்.

விடுதலையை ஒட்டி அந்தக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று நம்மவர்கள் இன்றும் வலியோடு சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிவிடுவது என்ற யோசனை எளியது. அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலானது. பட்டாவில் பெயர் இல்லாதவர்கள் தங்கள் பெயரை எழுத எடுத்த மிகப் பெரிய கூட்டு முயற்சி அதுதான். ஈப்போ பழைய நகரில் ஹேல் தெருவுக்கு இன்று துன் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அடுத்த அலை துண்டாடலைவிடப் பெரியது. 1980களுக்குப் பிறகு நகரை ஒட்டிய தோட்டங்கள் ரப்பருக்காக அல்ல, மனைக்காக வாங்கப்பட்டன. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் நிலப் பயன்பாட்டை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்றாகப் பிரிக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க 124ஆம் பிரிவின்கீழ் மாநில அதிகாரத்திடம் விண்ணப்பித்து, அதற்கான பிரிமியத்தைக் கட்ட வேண்டும். அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் பொறுப்பு. அந்தப் பணமும் மாநிலத்துக்குத்தான் போகிறது. வேறு பெரிய வரி வருவாய் இல்லாத மாநில அரசுக்கு ஒவ்வொரு நில மாற்றமும் வருமானம். விண்ணப்பிப்பவர் உரிமையாளர், முடிவெடுப்பது மாநிலம். லயத்தில் இருக்கும் எண்பது குடும்பங்களை அந்த விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது? அதற்கு இடமே இல்லை. 1980க்கும் 2000க்கும் இடையே நாடெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரும் எடுத்தாளும் கணக்கு.

அவர்கள் போன இடங்கள் நமக்குத் தெரியும்: புறம்போக்குக் கம்பங்கள், மலிவு விலை அடுக்குமாடிகள், உறவினர் வீட்டுப் பின்கட்டு. விட்டுவந்த இடத்தில் தாமான்கள் எழுந்தன. தஞ்சோங் ரம்புத்தானின் சங்காட் கிண்டிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, செம்மோரின் ஸ்ட்ராதிஸ்லா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று, பள்ளிப் பெயர்கள் மட்டும் தோட்டங்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மரத்தடிக் கோயில்கள் புதிய மனைப்பிரிவின் நடுவே ‘அனுமதியில்லாத கட்டுமானம்’ ஆகிவிட்டன. அனுமதி கேட்க வேண்டிய காலத்தில், கேட்கப்பட வேண்டிய துரையே பக்கத்துப் பங்களாவில் இருந்தார் என்பதைப் பின்னால் வந்த அதிகாரிகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பத்துகாஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி கோட்டை இதன் மறுபக்கம். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் ஸ்காட்லாந்து முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததும் பாதியில் நின்ற மாளிகை அது. தமிழ்த் தொழிலாளர்கள் கட்டியது. கொள்ளைநோய் பரவியபோது அவர்கள் கேட்டதற்கிணங்க அவர் ஒரு மாரியம்மன் கோயிலும் கட்டிக்கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. முதலாளியின் முடியாத வீடு கட்டணம் வாங்கும் சுற்றுலாத் தலமாக நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் இருந்த லயத்தைப் பார்க்கச் சீட்டு எங்கும் விற்பதில்லை.

பட்டாவில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் நடந்து முடிந்த கதையன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பித்தல் மசோதா, ஒரு கட்டடத்தை இடித்துக் கட்ட எத்தனை விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும் என்று வரையறுத்தது: முப்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதற்கு 80, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வாதங்களில் பெரும்பாலானவை இந்த எண்களைச் சுற்றியே நடந்தன. எந்த எண்ணை வைத்தாலும் எண்ணப்படுவது உரிமையாளர்களைத்தான் என்பதை மிகச் சிலரே பேசினார்கள். கடைவீட்டின் கீழ்த்தளத்தில் முப்பது ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்பவர் எந்த விழுக்காட்டிலும் இல்லை.

நகர்மையத்துக்கு வெளியே வாழ்வு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் புந்தோங்கில் கடலை வறுத்து, முறுக்குப் பிழிந்து, தலையில் தட்டு வைத்து விற்றுத் தொடங்கிய கச்சாங் பூத்தே வியாபாரம் இன்று நாடு முழுக்கப் போகிறது. கல்லுமலைக் கோயிலின் தைப்பூசத்துக்குக் காவடிகள் புறப்படுவதும் புந்தோங்கிலிருந்துதான். ஆனால் புந்தோங்கின் நிலமும் நகரை ஒட்டியது. நகர்மையத்தில் இடம் தீர்ந்ததும் கட்டுமானம் எந்தப் பக்கம் நகரும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

செய்யக் கூடியது ஒன்று உண்டு. அதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் கட்டுமான அனுமதி கேட்கும்போது அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவித்து, அவர்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைக் குடியிருப்பவருக்கும் கடை நடத்துபவருக்கும் சேர்த்துத் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்தக் கட்டடத்தில் யார், எந்தத் தொழிலில், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்ற பதிவையும், திரும்பி வர விரும்புகிறவருக்கு என்ன வாடகையில் இடம் தரப்படும் என்ற உறுதியையும் இணைக்கச் சொல்லலாம். தோட்ட நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது லயம், கோயில், பள்ளி ஆகிய மூன்றையும் அளந்து காட்டாத விண்ணப்பத்தை நில அலுவலகம் திருப்பி அனுப்பலாம்.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு வந்த ஊராட்சிச் சட்டம் அவற்றை ஒழித்தேவிட்டது. ஈப்போ மாநகர் மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. நில மாற்றத்துக்கு ஒப்புதல் தருவதும் பிரிமியத்தை வாங்குவதும் அதே மாநில அரசு. ஆகவே லஹாட் சாலைக் கடைக்காரரும், செம்மோர் தாமானில் இருக்கும் பழைய பால்வெட்டுத் தொழிலாளியின் மகளும், தங்கள் மனுவை ஒரே அலுவலகத்தில், ஒன்றாகச் சேர்ந்தே கொடுக்கலாம்.